டி.சி. கேட்டு வந்தவனிடம் ஏன் என்று கேட்டோமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. எங்கள் துறையில் 50 இடம். 40கூட நிரம்புவதில்லை. சேர்ந்தவர்களிலும் பலர் தீபாவளிக்குப் பிறகு வருவதில்லை. துறைத் தலைவரிடம் சொன்னால், "நாம் பாடம்தானே நடத்த முடியும்?" என்கிறார். நான் தனியாக என்ன செய்ய முடியும்?
— ஓர் உதவிப் பேராசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: தம்பி, தனியாகச் செய்தால் நடக்காது. பல வருஷம் அப்படிச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். முதலாண்டு மாணவன், கணக்கு நன்றாக வரும். மூன்றாவது வாரத்திலிருந்து முதல் மணி வகுப்பில் ஆள் இல்லை. அப்புறம் இரண்டாவது மணியிலும் இல்லை. படிப்பில் அக்கறை போய்விட்டது என்று நினைத்து நான் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே போனேன். அக்டோபரில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சில நாள் கழித்து டீ குடிக்கும்போது நூலகர் தற்செயலாகச் சொன்னார்: "அந்தப் பையனா? தினமும் இங்கேதான் உட்கார்ந்திருப்பான். அவன் ஊர் பஸ்ஸே பத்தேகாலுக்குத்தான் வரும். பாதி வகுப்பில் நுழையப் பயம்." அலுவலகத்தில் விசாரித்தேன். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் அவனுக்கு ஸ்காலர்ஷிப் ஏறவில்லை. நாலு தடவை வந்து நின்றானாம். அரசு விடுதிக் காப்பாளரிடமும் மனு கொடுத்திருக்கிறான். ஓர் இடம் காலியானபோது அவர் ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார். அதற்குள் இவன் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. முழுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த ஆண்டிலிருந்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தின் நீள மேசையைச் சுற்றி உட்கார ஆரம்பித்தோம். அலுவலகக் கண்காணிப்பாளர், நூலகர், என்.எஸ்.எஸ். அலுவலர், பி.டி. சார், முதலாண்டு வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், அதாவது டியூட்டர்கள். விடுதிக் காப்பாளர் நம் கல்லூரி ஆளே இல்லை, வேறு துறையைச் சேர்ந்தவர், அவரையும் கூப்பிட்டோம். ஒவ்வொருவரும் அந்த வாரம் கண்ணில் பட்ட பெயர்களோடு வர வேண்டும், அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இந்த ஒன்றில் நான் கறாராக இருந்தேன். அந்தப் பேச்சு எடுத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

அந்த மேசையில்தான் பஸ் விஷயமும் தீர்ந்தது. பத்தேகால் பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் துறையில் மட்டும் இல்லை, ஆறு துறைகளில் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலோடு முதல்வர் கடிதம் கொடுத்தார். பி.டி. சாருக்கு டெப்போவில் பழக்கம் உண்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். பஸ்ஸை நாற்பது நிமிடம் முன்னால் விட்டார்கள். நான் தனியாக எழுதியிருந்தால் அந்தக் கடிதம் டெப்போ மேசையிலேயே கிடந்திருக்கும்.

டி.சி. விண்ணப்பமும் டியூட்டர் மாணவனோடு பேசிய பிறகே அலுவலகத்துக்குப் போகட்டும் என்று வைத்தோம். யாரையும் பிடித்து வைப்பதற்காக இல்லை. பாலிடெக்னிக்கிலோ நர்சிங்கிலோ இடம் கிடைத்துப் போகிறவர் போகட்டும். ஆனால் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டுக் காலையில் எழ முடியாதவனுக்கு அப்போது கல்லூரியில் இருந்த மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தாலே போதும், இருந்துவிடுவான்.

சேர்க்கை விஷயத்தில் உங்களை ஒன்று கேட்கிறேன்: விண்ணப்பித்துவிட்டுக் கலந்தாய்வுக்கு வராதவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? நாங்கள் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்து போன் செய்தோம். நிறைய எண்கள் பிரவுசிங் சென்டர்காரருடையவை! குறுஞ்செய்தி அவருக்குப் போயிருக்கிறது, பிள்ளைக்குப் போகவில்லை. அந்த ஊர்ப் பள்ளியில் படித்து நம்மிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிற மாணவியிடம் பெயரைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் வீட்டையே கண்டுபிடித்துவிடுவாள். பள்ளிகளுக்குப் போகும்போதும் அவளைத்தான் பேசவிட வேண்டும், நம்மை இல்லை.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இதே தொல்லை இருந்தது. இடம் வாங்கிய பிள்ளைகள் கோடை விடுமுறைக்குள் காணாமல் போனார்கள். 2016இல் அந்தப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு ராத்திரியிலும் குறுஞ்செய்தியில் பதில் சொல்லும் 'பவுன்ஸ்' என்ற கணினி ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்; வராமல் போகிறவர்கள் குறைந்தார்கள். கட்டணத்தில் சிறு பாக்கிக்காகப் படிப்பை விட இருந்தவர்களுக்கு அதற்கும் முன்பே, 2011இலிருந்து, அந்தப் பாக்கியைத் தீர்க்க உதவிப் பணம் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அங்கேயும் அலுவலகத்துக்குத்தான் தெரியும்.

இந்த வாரமே உங்கள் கண்காணிப்பாளரிடம் போய் உட்காருங்கள். துறைத் தலைவர் பிறகு வருவார்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தான். இப்போது பி.காம். சேர்ந்திருக்கிறான். பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல மாதம் 1,000 ரூபாய் அவனுக்கும் உண்டா?
— ஒரு தந்தை, பெரம்பலூர்

பதில்: உண்டு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில். கல்லூரியில் இதற்கென்று பொறுப்பு அலுவலர் ஒருவர் இருப்பார், அவரிடம் போகச் சொல்லுங்கள். அதற்கு முன் மகன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகள் பி.எஸ்சி. முதலாண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் புரியவில்லை என்று தினமும் அழுகிறாள். நிறுத்திவிடலாம் என்கிறார் அவள் அப்பா.
— ஒரு தாய், அரியலூர் மாவட்டம்

பதில்: அம்மா, முதல் பருவம் முடியும்வரை டி.சி. பேச்சையே எடுக்காதீர்கள். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகள் முதல் மூன்று மாதம் இப்படி அழுவதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்குப் பள்ளி ஆசிரியைகள். பல அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவு உண்டு. அதில் இடம் இருக்கிறதா என்று டியூட்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதே பாடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிற, தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த அக்கா ஒருத்தியின் நோட்டைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருப்பாள். கல்லூரிக்கு நீங்கள் போகும்போது அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டியூட்டர் அவரோடு பேசட்டும்.