1991 மியாட்டாவுக்கு 15 அங்குல ரிம்: எந்த டயர்?
உங்கள் 1991 மஸ்டா மியாட்டாவுக்கு 15 அங்குல ரிம் வாங்கிவிட்டு, 195/55 டயர் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்) போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், 195/50 போடுங்கள். கம்பெனியிலிருந்து வந்த 185/60 ஆர்14 (14 அங்குல ரிம்முக்கானது) டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ. 195/50 ஆர்15 என்றால் 576. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதுபோலவே காட்டும். 195/55 போட்டால் விட்டம் 595-ஐத் தாண்டும். வண்டி கொஞ்சம் உயரும், இழுவையும் மந்தமாகும். அந்தச் சின்ன 1.6 லிட்டர் இன்ஜினில் அது நன்றாகவே தெரியும். 205/50-உம் பொருந்தும்தான், ஆனால் ஸ்டீயரிங்கின் அந்த லேசான உணர்வு போய்விடும், எனக்குப் பிடிக்காது.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயர் வேண்டாம்; எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.