திருப்பூர் சைபர் மோசடி: ஐந்து மாதத்தில் ஆய்வேடு முடியுமா?

கேள்வி: எம்.ஏ. குற்றவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் அவிநாசி. ‘கொங்கு மண்டலத்தில் சைபர் குற்றங்கள்’ என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் விவரம் கேட்டால் மேலே கேட்கச் சொல்கிறார்கள். கைடோ, ‘ஏதாவது எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்’ என்கிறார். கையில் ஐந்து மாதம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். கொங்கு மண்டலம் என்று எந்தக் காவல் அலுவலகத்திலும் ஒரு கணக்கு கிடையாது. கோவை, திருப்பூர், சேலம் மூன்றிலும் மாநகரத்துக்கு கமிஷனர், மாவட்டத்துக்கு எஸ்.பி. என்று இரண்டு நிர்வாகம். உங்கள் அவிநாசி எஸ்.பி. கணக்கில் வரும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பூர் மாநகரம் வராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையில் இதைக் கவனிக்காமல் ஒரு வரியை மட்டும் எடுத்து ‘திருப்பூர் நிலவரம்’ என்று எழுதிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இன்னொன்று: ஒரே வழக்கில் பல குற்றப் பிரிவுகள் இருந்தால், அவற்றில் கடுமையானதை மட்டுமே அந்த அறிக்கை எண்ணும்.

எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை வைத்து மோசடியை அளப்பதிலும் சிக்கல் உண்டு. பணம் போனவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைப்பார், அல்லது சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவார், அல்லது ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு) ரசீதோடு திரும்புவார். எஃப்.ஐ.ஆர். ஆவது இவற்றில் ஒரு பகுதிதான். ஆகவே அந்த எண் ஏறினால் மோசடி கூடியதா, பதிவு கூடியதா என்று உங்களால் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு 2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கு இருந்த பழைய 420ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). இரண்டு காலத்தையும் ஒப்பிடுவதானால் பிரிவுகளைப் பொருத்திக்காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும்.

இந்த ஓட்டையே உங்களுக்கு நல்ல ஆய்வுக் கேள்வி. ‘திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் ஆன்லைனில் பணம் இழந்தவர் யார், அவர்களில் புகார் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் ஏன் கொடுக்கவில்லை?’ இதற்கு விடை ஸ்டேஷனில் இல்லை, ஜனங்களிடம் இருக்கிறது. போலீஸ் அனுமதிக்காக அலையவும் வேண்டாம்.

ஆர்.டி.ஐ. மனுவை முதல் வாரமே போட்டுவிடுங்கள், ஆனால் அதை நம்பி ஆய்வை நிறுத்தாதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிலுக்கு முப்பது நாள். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் 30 முதல் 45 நாள். ஆண்டுவாரியாக எத்தனை புகார், எத்தனை சி.எஸ்.ஆர்., எத்தனை எஃப்.ஐ.ஆர். என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ‘ஏன் குறைவு?’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது. விசாரணையில் உள்ள வழக்கின் விவரம் கேட்டால் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள்.

எத்தனை பேரைக் கேட்பது? பலரும் ஒரு சூத்திரத்தைப் போட்டு 400 என்று எழுதுகிறார்கள். தொழிலாளர் முழுப்பட்டியல் கையில் இருந்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால்தான் அந்தச் சூத்திரத்துக்குப் பொருள். உங்களிடம் பட்டியல் இல்லை. 120 பேரை நேர்த்தியாகக் கேட்டு, இது கைக்கெட்டியவர்களைக் கேட்ட வசதி மாதிரிதான், ஊருக்கே பொதுமைப்படுத்த முடியாது என்று நேராக எழுதுங்கள். அந்த 120இல் பணம் இழந்தவர் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களையும் வயது, மாநிலம், பாலினம் என்று பிரித்தால் கட்டத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். கட்டங்களில் எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் கீழே போனால், இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை நிற்காது. அதனால் இழந்தவர்களில் 10 முதல் 12 பேரிடம் நீளமாகப் பேசி அதைத் தனிப் பகுதியாக வையுங்கள். ஆய்வின் சாரம் அங்கேதான் கிடைக்கும்.

கம்பெனி சூப்பர்வைசர் மூலமாகவோ லேபர் கான்ட்ராக்டர் மூலமாகவோ போகாதீர்கள். அவர் நிற்கும்போது தருவது சம்மதம் ஆகாது, உண்மையும் வராது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவரிடம் நாற்பது கேள்வியை நீட்டினால் கடைசி இருபதுக்கு ‘ஆமாங்க’ மட்டும்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்புப் பக்கம், பதினைந்து நிமிடம். ‘இணையவழிக் குற்றத்தால் பாதிக்கப்பட்டீர்களா?’ என்றால் விழிப்பார்கள். ‘போன்ல பணம் ஏதாச்சும் போச்சுங்களா?’ என்று கேளுங்கள். ‘கடந்த 12 மாதத்தில்’ என்பதும் ஏமாற்றும்: இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைக்கூட நேற்றுப்போலச் சொல்வார்கள். ‘போன தீபாவளி லீவுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று நாளைக் கட்டிப்போடுங்கள். இந்தி, ஒடியா பேசுபவர்களுக்கான படிவத்தை ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் தமிழுக்குத் திருப்பிப் பார்க்கட்டும். பத்துப் பேரிடம் முன்சோதனை செய்த பிறகே அச்சடியுங்கள்.

ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு பல இடங்களில் மாதம் ஒருமுறைதான் கூடும். அதன் அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பின்னால் சேர்க்க முடியாது. 18 வயது நிரம்பாதவர்களை விட்டுவிடுங்கள். பெரியவர்களிடமும் ‘எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் ஒன்று பேச்சில் வெளிப்பட்டால் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விதிவிலக்கைச் சம்மதப் படிவத்திலேயே எழுதுங்கள். பெயர், போன் நம்பர், ஸ்கிரீன்ஷாட் எதையும் வாங்க வேண்டாம். ஆளுக்கு ஓர் எண் போதும்.

கைடு விஷயம். ‘என்ன செய்யட்டும் சார்?’ என்று போனால் யாரும் அப்படித்தான் சொல்வார். ஆய்வுக் கேள்வி, யாரிடம் எப்படிக் கேட்கப்போகிறீர்கள், வாரவாரியான திட்டம், முடிவெடுக்க முடியாமல் நிற்கும் இரண்டு இடங்கள் என ஒரே பக்கம் கொண்டுபோங்கள். அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ‘நான் எப்போது சொன்னேன்?’ என்ற பேச்சு வராது. முதல் ஐந்து வாரம் வாசிப்பும் அனுமதியும், அடுத்த ஆறு வாரம் களம், நான்கு வாரம் பகுப்பாய்வு, மிச்சம் எழுத்து. முறையியல் அத்தியாயத்தைக் களத்தில் இருக்கும்போதே எழுதுங்கள், பிறகு நினைவிருக்காது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க நேரும். முன்னாள் மாணவரின் ஆய்வேட்டிலிருந்து வாசிப்பு அத்தியாயத்தை உருவுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

களத்துக்குப் போகும்போது 1930 என்று அச்சடித்த சீட்டுகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி பணம் போனவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் கேள்வித்தாளை ஓரம் வைத்து, முதலில் அவரை அந்த எண்ணுக்கு அழைக்கச் செய்யுங்கள்.