டென்ஷன் வந்தால் பருவும் வருமா?

கேள்வி: மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரம் வந்தாலே தாடையில் பருக்கள் கிளம்புகின்றன. கழுத்தில் அரிப்பு வேறு. மூன்று க்ரீம் மாற்றிவிட்டேன். 'டென்ஷனைக் குறை' என்கிறார்கள். தோலுக்கும் டென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சம்பந்தம் உண்டு, உங்கள் கற்பனை இல்லை. மனம் பதறினால் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் அதற்கேற்பத் தூண்டப்படுவதால், பரு வரக்கூடிய தோலில் பரு அதிகமாகும். தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதும் குறையும். வறட்சி, அரிப்பு எல்லாம் அதனால்தான். புண் ஆறுவதுகூடத் தாமதமாகும். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் காயம் செய்து பார்த்தார்கள் (பாவம், பரீட்சையோடு இது வேறு!). விடுமுறையில் ஆறியதைவிடப் பரீட்சை நேரத்தில் ஆற சராசரியாக 3 நாள் கூடுதலாகப் பிடித்தது.

சரி, ஒன்று கேட்கிறேன். கணக்குப் பார்க்கும்போது மவுஸ் பிடிக்காத உங்கள் கை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தாடையில்தான் இருக்கும். விரலுக்குச் சின்ன மேடு தட்டுப்பட்டதும், கண் திரையில் இருக்க, நகம் தன் வேலையைத் தொடங்கிவிடும். தானாக அடங்கியிருக்கக்கூடிய பரு, கிள்ளியதால் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருவின் மேல் ஒட்டும் சின்ன பேட்ச் மருந்துக் கடையில் கிடைக்கும். அந்த வாரம் முழுக்க ஒட்டிக்கொள்ளுங்கள். கழுத்து அரித்தால் சொறியாமல், ஈரத்துணியை அழுத்தி வையுங்கள்.

'டென்ஷனைக் குறை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்கு முடிக்கும் வாரம் எங்கேயும் போகப்போவதில்லை. அந்த வாரம் தூக்கத்தை மட்டுமாவது விட்டுக்கொடுக்காதீர்கள். படுத்ததும் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

க்ரீம் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பருவுக்கான மருந்து எதுவானாலும் பலன் தெரிய 6 முதல் 8 வாரமாவது ஆகும். அதற்குள் மாற்றினால் எது கேட்டது, எது எரிச்சல் தந்தது என்றே தெரியாது. மென்மையான ஃபேஸ்வாஷ் தினம் இருமுறை, அப்புறம் ஒரு மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் நீங்களாக முகத்தில் போடாதீர்கள். தோலை மெலிய வைத்து, பருவையும் அதுவே கொண்டுவரும்.

இன்னொன்று. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் தாடையில் பரு வரும். இரண்டு மூன்று மாதம் காலண்டரில் பரு, மாதவிலக்கு, கணக்கு வாரம் மூன்றையும் குறித்து வாருங்கள். பரு மாதவிலக்கை ஒட்டியே வந்தால், அல்லது மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனால், அந்தக் காலண்டரோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.