குடலின் வேகத்தை அளப்பது எப்படி?

கேள்வி: நீண்டகால மலச்சிக்கலால் அவதிப்படும் என் அம்மாவுக்கு அணுக்கதிர்ப் படம் மூலம் பெருங்குடல் நகர்வை அளக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எதை அளக்கிறார்கள்?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: மிகச் சிறிதளவு இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த நீரையோ மாத்திரையையோ விழுங்கச் செய்து, அது குடலில் எங்கே இருக்கிறது என்பதை 24, 48 மணி நேரத்தில் உடலிலிருந்து வரும் கதிர்களைப் பதிவுசெய்யும் காமா கேமராவால் படமெடுப்பார்கள். அணுக்கதிர்ப் படங்களில் வழக்கமாகப் பயன்படும் டெக்னீசியம் என்ற பொருளின் கதிர்வீச்சு 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இண்டியத்துக்கோ ஏறக்குறைய 2.8 நாள் ஆகும் என்பதால், மெதுவாக இயங்கும் பெருங்குடலுக்கு அதுவே ஏற்றது. பெருங்குடலின் தொடக்கப் பகுதியான ஏறுகுடலுக்கு 1 எனத் தொடங்கி, வெளியேறிய மலம் வரை வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணையும் அந்த இடத்தில் உள்ள கதிர்வீச்சின் பங்கால் பெருக்கிக் கூட்டும்போது கிடைக்கும் சராசரி குறைவாக இருந்தால், குடலின் நகர்வு மந்தமாக உள்ளது எனலாம். மலக்குடலருகே மட்டும் தேங்கினால் வெளியேற்றத்தில் சிக்கல் இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் இச்சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். கதிர் என்றதும் அம்மா அஞ்சுவது இயல்பே. அளவு குறைவு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மலமிளக்கியை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.