பேரேட்டில் இருவர் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

அமெரிக்க கன்ட்ரி இசையில் சேர்ந்து பாட்டெழுதிய தம்பதிகளைப் பற்றி நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. நான் மனைவி ஃபெலிஸ், கணவர் பூட்லோ பிரயன்ட் இருவரையும் சொன்னேன். “எழுதியது கணவராகத்தான் இருக்கும், பிரியத்தில் மனைவி பெயரையும் போட்டிருப்பார்” என்றார் ஒருவர். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னது தவறு. மறுப்பதற்கு அவர்களுடைய இசைத்தட்டுகளே போதும். ‘பை பை லவ்’, ‘வேக் அப் லிட்டில் சூசி’, ‘ராக்கி டாப்’ ஆகியவற்றில் இருவர் பெயரும் இருக்கிறது. ‘ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்’, ‘லவ் ஹர்ட்ஸ்’ இரண்டும் பூட்லோ பெயரில் மட்டும் வந்தவை. ‘வீ குட்’ ஃபெலிஸ் தனியாக எழுதியது. பிரியத்துக்காகப் பெயர் போடுகிறவர், எவர்லி சகோதரர்கள் பாடி 1958இல் முதலிடம் பிடித்த ‘ட்ரீம்’ பாட்டிலா மனைவியை விட்டுவிடுவார்? யார் எழுதினார்களோ அவர்கள் பெயர். அவ்வளவு கறாராக இருந்த வீடு அது.

பூட்லோ ஜார்ஜியாக்காரர், முறையாக வயலின் கற்றவர். ஃபெலிஸ் மில்வாக்கியில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தார். 1945இல் அங்கே வாசிக்க வந்த பூட்லோவைச் சந்தித்தார். 1949இல் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் இவர்களின் ‘கன்ட்ரி பாய்’ பாட்டைப் பாடி வெற்றி பெற்றதும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் குடிபோனார்கள். பாடவோ வாசிக்கவோ அல்ல, எழுதிப் பிழைக்க. அப்படிப் பிழைக்கலாம் என்று அந்த ஊரில் அன்று நம்பியவர்கள் மிகக் குறைவு.

எழுதியதெல்லாம் கனத்த அட்டை போட்ட கணக்குப் பேரேடுகளில். வரவு செலவு எழுத வேண்டிய கோடுகளில் பாட்டு வரிகள். நாஷ்வில்லின் கன்ட்ரி இசை அருங்காட்சியகம் 2019இல் இவர்களுக்காக ஒரு கண்காட்சியே நடத்தியது. அந்தப் பேரேடுகளை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. மளிகைக் கடைக்காரரின் ஒழுங்கோடு, தினமும் உட்கார்ந்து செய்த வேலை. ‘பை பை லவ்’ பல பாடகர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு. 1957இல் எவர்லி சகோதரர்களிடம் போய்ச் சேரும்வரை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

‘ராக்கி டாப்’ கதை வேறு. 1967இல் டென்னசி மாநிலத்துக் காட்லின்பர்க் ஊரில் ஒரு விடுதியில் முதியவர்களைப் பற்றிய பாடல்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மெதுநடை. ஃபெலிஸுக்கு அலுத்துவிட்டது, வேகமாக ஒன்று வேண்டும் என்றார். பத்து நிமிடம்போலத்தான் ஆனது, பாட்டு முடிந்துவிட்டது. 1982இல் டென்னசி அதைத் தன் மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றது. ‘போதும், மாற்று’ என்று ஒருவர் மற்றவரிடம் தயங்காமல் சொல்ல முடிந்ததால் வந்த பாட்டு அது. அப்படிச் சொன்னவரைத்தான் உங்கள் நண்பர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மேடையில் சேர்ந்து பாடிய ஜோடிகளுக்கும் இதே கதிதான். ‘ரிங் ஆஃப் ஃபயர்’ என்றால் எல்லோரும் ஜானி கேஷ் என்பார்கள். எழுதியவர்களாகப் பதிவாகியிருப்பது ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும். கேஷ் பாடியது 1963இல், ஜூனை மணந்தது 1968இல். அந்தப் பெயர் மனைவி என்பதற்காக வந்ததல்ல.

நண்பருக்கு முதலில் ‘வீ குட்’ போட்டுக் காட்டுங்கள். 1974இல் சார்லி பிரைட் பாடியது நன்றாக இருக்கும். எழுதியவர் யார் என்பதைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள்.