கடின மரம் வெட்டும் தொழில், அதற்கேற்ற செயின்சா: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வெட்டுவது அகலக் கிளை விரிக்கும் கடின மரங்களை மட்டுமே. ஊசியிலைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதில் சில பதில்கள் பொருந்தாது.

கேள்வி: அண்ணா, மரம் வெட்டும் குழு ஒன்றில் சேரப் போகிறேன். சொந்த மெஷின் வேண்டும் என்கிறார்கள். பெரிய மரம் வந்தால் திணறக் கூடாது என்று நேராக 90 சிசி வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. மரத்தைச் சாய்ப்பது நாள் வேலையில் சிறு பங்குதான். மிச்ச நேரமெல்லாம் கொப்பு கழிப்பீர்கள், தடியைத் துண்டு போடுவீர்கள், மெஷினைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளத்தில் நடப்பீர்கள். அந்த நேரத்தில் தெரிவது எடைதான், சிசி இல்லை.

பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின் இரண்டும் சேர்க்காத எடையைப் பாருங்கள். 50 சிசி ரகத்தில் ஸ்டில் எம்.எஸ். 261 ஏறக்குறைய 5 கிலோ, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. மார்க் 2 கொஞ்சம் கூட. 70 சிசி ரகத்தில் எம்.எஸ். 462 ஏறக்குறைய 6 கிலோ, 572 எக்ஸ்.பி. ஆறரை கிலோ. 91 சிசி எம்.எஸ். 661 ஏழரை கிலோவை ஒட்டி வரும். இதற்கு மேல் பார், செயின், பெட்ரோல், எண்ணெய் எல்லாம் ஏறும். அந்தி நேரத்தில் கை தளர்ந்திருக்கும்போது அந்த இரண்டரை கிலோ வித்தியாசம் விபத்தாக மாறலாம்.

அபூர்வமாக வரும் பெரிய மரத்தை மனதில் வைத்து மெஷின் வாங்காதீர்கள். தினமும் கைக்கு வரும் மரத்தை வைத்து வாங்குங்கள். அடிமர விட்டம் 35 செ.மீ.க்குள் என்றால் 50–60 சிசி போதும். 40 முதல் 70 செ.மீ. வரை என்றால் 70 சிசி மெஷின் ஒன்றே எல்லா வேலைக்கும் வரும். முழுநேரத் தொழிலாளிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு மீட்டர் மரம் வாரத்துக்கு வாரம் வந்தால் மட்டும் 90 சிசி, அதுவும் இரண்டாவது மெஷினாக. ஸ்டில் எம்.எஸ். 500i என்பதில் கார்புரேட்டர் இல்லை. மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும். 79 சிசி, 6.2 கிலோ. தூக்கும் எடைக்கு அது தரும் வலு அருமையானது. ஆனால் கோளாறு வந்தால் காட்டில் ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்ய முடியாது.

எந்தக் கம்பெனி என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உதிரி பாகமும் நல்ல மெக்கானிக்கும் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கிறார்களோ அதை வாங்குங்கள்.

கேள்வி: 70 சிசி மெஷினுக்கு 28 இஞ்ச் பார் போடலாமா?

மாட்டலாம். ஆனால் வைரம் பாய்ந்த மரத்தில் பார் முழுவதும் புதைந்தால் மெஷின் இழுக்காது, செயின் வேகம் குறையும், கிளட்ச் சூடாகும். கடின மரத்துக்கு 20 இஞ்ச், மிஞ்சினால் 24. பாரைவிடத் தடிமனான மரத்தை இரண்டு பக்கமிருந்தும் அறுக்கப் பழகிக்கொண்டால் நீளமான பார் தேவைப்படாது. பார் நீளமானால் கூர்தீட்ட வேண்டிய பல்லும் கூடும்.

கேள்வி: தேக்கு அறுத்தால் செயின் சீக்கிரம் மழுங்குகிறது. செயின் மட்டமா, என் கை மட்டமா?

இரண்டும் இல்லை. தேக்கின் உள்ளே சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கும் அதே பொருள். அது பல்லின் முனையைத் தேய்க்கும். சதுர முனைச் செயின் சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும், ஆனால் அந்தக் கூர்முனை போனால் எல்லாம் போச்சு. முனை உருண்ட செயின் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் தாக்குப்பிடிக்கும். தேக்குக்கும், மண் ஒட்டிய பட்டைக்கும், காய்ந்து இறுகிய மரத்துக்கும் உருண்ட முனையே என் தேர்வு.

கூர் போனதை மரத்தூளே சொல்லும். நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவுபோல் வந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள். மெஷினை அழுத்தி அறுக்கத் தோன்றும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் பாரும் செயினும் சூடாகித் தேயும், உங்கள் தோளும் தேயும்.

உருண்டை அரத்தின் அளவு பிட்சை, அதாவது செயின் கண்ணிகளின் இடைவெளியை (இஞ்ச் கணக்கு), பொறுத்தது. .325 செயினுக்கு 4.8 மி.மீ., 3/8 செயினுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. கோணம் பெரும்பாலும் 30 பாகை. சில செயின்களுக்கு 25. செயின் பெட்டியிலேயே போட்டிருக்கும். பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும், இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழக் கட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல் தேயத் தேய அதையும் அளவுச்சட்டம் வைத்து இறக்க வேண்டும். பல் முனையைவிட அது ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். கடின மரத்தில் அதற்கு மேல் இறக்கினால் செயின் கடித்து உதறும்.

இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவும் இந்தப் பல் அமைப்பு 1946இல் பிறந்தது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிமரத்தைக் குடைந்து போகும் வண்டுப் புழு தன் தாடைகளால் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுப்பதைக் கவனித்துவிட்டுச் செய்தது. ஒரு பக்கப் பல் மட்டும் குட்டையானால் அந்தச் சமநிலை கெட்டு, அறுப்பு வளைந்து போகும். செயின் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் பல் நீளத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: சாய்ந்து நின்ற மரம் ஒன்றைப் பின்பக்கம் அறுக்கும்போது பாதியில் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி தலைக்கு மேல் எகிறியது. எங்கள் ஆள் மயிரிழையில் தப்பினார். ஏன் இப்படி?

நீங்கள் சொல்வதைப் படிக்கவே நெஞ்சு பதறுகிறது. கடின மரம் வெட்டுபவனை இதைவிட வேகமாகக் கொல்வது வேறெதுவும் இல்லை. சாய்ந்து வளரும் கடின மரம் சாய்வின் மேல்பக்கத்தில் இழுவிசை மரத்தை உண்டாக்கும். அந்தப் பக்கத்து நார் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். பின்னாலிருந்து அறுக்கும்போது, அறுப்பு போதுமான ஆழம் போகும் முன்பே மரம் சாயத் தொடங்குகிறது. மீதி நார் அறுபடவில்லை, வளையவும் முடியவில்லை. அதனால் நெடுக்காகப் பிளக்கிறது.

இதற்குத் துளைத்து அறுக்கும் முறைதான் வழி. விழ வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் வாய் வெட்டுங்கள். 70 பாகை அல்லது அதற்கு மேல் அகலமாகத் திறந்தால் மரம் தரையை நெருங்கும்வரை கீல் (வாய்க்குப் பின்னால் அறுக்காமல் விடும் மரம்) பிடித்திருக்கும். ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை. பிறகு கீலுக்கு இடம் விட்டு, அதன் பின்னால் பக்கவாட்டில் பாரைக் குத்தி உள்ளே செலுத்துங்கள். கீலின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்கிருந்து பின்பக்கமாக அறுத்து வந்து, கடைசியில் பின்னோரத்தில் ஒரு பட்டைபோல் கொஞ்சம் மரத்தை மட்டும் அறுக்காமல் விடுங்கள். இப்போது முன்னால் கீல், பின்னால் பட்டை, நடுவில் ஒன்றுமில்லை. மரம் அசையாது. மெஷினை வெளியே எடுத்து, மேலே பார்த்து, ஓடும் பாதையைப் பார்த்து, பிறகு அந்தப் பட்டையை அறுத்துவிடுங்கள். மரம் ஒரேயடியாக விழும், பிளக்க நேரமிருக்காது.

குத்தும்போது பார் மூக்கின் கீழ்ப்பாதியால் தொடங்குங்கள். மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் (எகிறும்போது செயினை உடனே நிறுத்துவது) வேலை செய்யாத மெஷினால் இந்த முறையை முயலவே வேண்டாம். முதல் சில மரங்களை, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

ஓடும் பாதை விழும் திசைக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. பின்னால் 45 பாகை சரிவாக, வெட்டத் தொடங்கும் முன்பே கொடி, கட்டை எல்லாம் அகற்றி வையுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

கேள்வி: தடி வாங்குபவர் “அடியில் நார் பிடுங்கியிருக்கிறது” என்று விலை குறைக்கிறார்.

நியாயமாகத்தான் குறைக்கிறார். கீல் தடிமனாக இருந்து மரம் விழும்போது, நடு நார் அறுபடாமல் தடிக்குள்ளிருந்து உருவிக்கொண்டு போகும். விலை உயர்ந்த மரத்தில் அதிகப் பணம் கிடைப்பதே அடித்தடிக்குத்தான். வாய் வெட்டிய பிறகு, அந்த வாய் வழியாகவே பார் மூக்கைச் செலுத்திக் கீலின் நடுப்பகுதியை அறுத்துவிடுங்கள். இரண்டு ஓரமும் கீலாக நின்று மரத்தை வழிநடத்தும், நடு நார் பிடுங்காது. ஆனால் நடு உளுத்த மரத்திலும், பக்கவாட்டில் கனமாகச் சாய்ந்த மரத்திலும் செய்யாதீர்கள். ஓரக் கீல் தாங்காது.

கேள்வி: பாருக்குப் பழைய இஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. அதில் உலோகப் பொடி இருக்கும், தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். செயினில் ஒட்டாமல் சிதறியும் போகும்.

கேள்வி: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு? போன மெஷின் பிஸ்டன் பிடித்துவிட்டது.

நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலை 50:1 கலக்க வேண்டும், அதாவது லிட்டருக்கு 20 மி.லி. ஊற்று மூடியை நம்பாமல் அளவுக் குவளையால் அளங்கள். கலந்து மாதக்கணக்கில் வைத்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். பிஸ்டன் பிடிப்பதற்கு ஆயில் குறைவு மட்டுமே காரணம் இல்லை. கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாக விட்டாலும், எங்காவது காற்று கசிந்து உள்ளே போனாலும் அதே கதிதான். காரணம் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

கேள்வி: பேட்டரி மெஷின்?

கொப்பு கழிக்க, சிறு மரத்துக்கு நல்லது. நாள் முழுக்கத் தடி அறுக்க இன்னும் பெட்ரோல்தான்.

கேள்வி: ராத்திரி விரல்கள் மரத்துப்போகின்றன. குளிர்ந்தால் நுனி வெளுக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

தம்பி, இதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுப்பதால் வருவது இது. முற்றினால் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேரச் சராசரிக்கு அதிர்வு வரம்பை 5 மீ/வி² என்று வைக்கிறது. 2.5ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். மழுங்கிய செயின் அதிர்வைக் கூட்டும். அதிர்வுத் தடுப்பு ரப்பரோ ஸ்பிரிங்கோ கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், பிடியை நெரிக்காதீர்கள், மெஷின் வேலையையும் கைவேலையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

காலுக்குப் பாதுகாப்பு பேன்ட் இல்லையென்றால் அதையும் வாங்குங்கள். உள்ளே இருக்கும் நீள நார் செயினில் சுற்றிச் சக்கரத்தை நிறுத்தும். ‘வகுப்பு 1’ பேன்ட் விநாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதிக்கப்பட்டது. பெரிய மெஷின் அதைவிட வேகமாக ஓடும். ஆனாலும் எலும்புவரை போக வேண்டிய வெட்டு தையலோடு நிற்கும்.

கேள்வி: வெட்டிய மரம் பக்கத்து மரத்தின் கவையில் மாட்டிக்கொண்டால், தாங்கி நிற்கும் மரத்தை வெட்டிவிடலாமா?

ஒருபோதும் கூடாது. கீழே நின்றும் வேலை செய்யக் கூடாது, மேலே ஏறி ஆட்டவும் கூடாது. கீல் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சின்ன மரம் என்றால் திருப்புக் கொக்கியால் உருட்டிப் பாருங்கள், உங்களை நோக்கி வராத பக்கமாக. அசையாவிட்டால் கைவின்ச்சோ டிராக்டரோ கட்டி, அடியைப் பின்னால் இழுத்தால் இறங்கிவிடும். அன்றைக்கே முடியாதென்றால் சுற்றிலும் நாடா கட்டி, அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போங்கள்.