பேட்டரியை போர்டோடு சால்டர் செய்த டிரிம்மருக்கு வாரண்டி உண்டா?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் 2,200 ரூபாய்க்கு டிரிம்மர் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ‘2 ஆண்டு வாரண்டி’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இப்போது முழு சார்ஜ் ஏற்றினாலும் ஐந்து நிமிடம்கூட ஓடுவதில்லை. சர்வீஸ் சென்டரில், “பேட்டரியை போர்டோடு சால்டர் செய்திருக்கிறது, மாற்ற முடியாது, அதற்கு 6 மாத வாரண்டிதான்” என்கிறார்கள். தெரிந்த கடைக்காரர் 300 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா, வழக்குப் போடலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் டிரிம்மரை நீங்கள் பிரிப்பது குற்றமில்லை. ஆனால் சால்டரிங் அயர்ன் பட்டதுமே பழுதுக்கான சாட்சியம் போய்விடும். “வெளியே பிரித்திருக்கிறீர்கள்” என்று நிறுவனமும் கையை விரித்துவிடும்.

முதலில் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால், எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று நிறுவனத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். பில்லும் வாரண்டி கார்டும் பத்திரமாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பக்கம் பேசப்போவதே அதுதான்.

பேட்டரி தேய்ந்துபோகும் பொருள், அதனால் வாரண்டி குறைவு என்பார்கள். டிவி ரிமோட்டைப் போல நாமே கழற்றி மாட்டுவதாக இருந்தால் அது சரி. பற்றவைத்த பேட்டரி போனால் டிரிம்மரே போச்சு. அப்புறம் மிச்ச 18 மாத வாரண்டி எதற்கு? மக்களைத் தவறாக நம்பவைக்கும் வாரண்டி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(47)-படி நேர்மையற்ற வணிக நடைமுறை. நானாக இருந்தால் இந்த வழியில்தான் வாதாடுவேன். ஒன்று, ‘பேட்டரிக்கு 6 மாதம்’ என்று பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட்டிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, இத்தகைய கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும். நம் நாட்டில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக 2022-ல் மத்திய அரசு குழு அமைத்தது. அதை வைத்து நீங்கள் வழக்காட முடியாது.

2,200 ரூபாய்க்கு எடுத்த எடுப்பிலேயே வழக்கு வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்). வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. வழக்கு முடியும்வரை டிரிம்மரைத் தொடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம்.